கயிற்றில் கை வைத்தவள்

மக்களே,

கரமடி இழுக்கிற நாளெல்லாம், கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் நிழலில் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். கயிறு தண்ணீரிலிருந்து வரத் தொடங்கினால் எழுந்து நிற்பார். வலை கரையேறியதும் மறுபடி உட்கார்ந்துவிடுவார். அவர் உங்கள் அத்தையின் வீட்டுக்காரர், உங்களுக்கு மாமா. "ஆள் பத்தாம நாம மூச்சு வாங்கிட்டு நிக்கோம், அந்த மாமா மட்டும் ஏன் ஒரு கை பிடிக்க மாட்டேங்காரு?" என்று சின்னவள் போன வாரம் கேட்டாள். அவர் மாட்டேன் என்று சொல்லவில்லை. அவர் பிடிக்கக் கூடாது. ஏன் என்று சொல்ல வேண்டுமானால், நம் கயிற்றுச் சபை எப்படி உண்டானது, அதில் பெண்கள் எப்படி வந்தார்கள் என்று முதலிலிருந்து சொல்ல வேண்டும். வாயால் சொன்னால் எனக்குக் கோபம் வந்து பாதியில் நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன். எட்டாம் வகுப்பு வரைதான் படித்தேன், பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள். இதில் அடியும் ரத்தமும் நிறைய வரும். அதைக் குறைத்து எழுதினால் சபை எதற்கு என்று உங்களுக்கு விளங்காது.

கரமடி உங்களுக்குத் தெரியும். ஆனாலும் நாளைக்கு நீங்கள் எங்கேயாவது வெளிநாட்டில் இருந்து உங்கள் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினால் அதுகளுக்கும் புரியட்டும். வலையின் ஒரு கயிற்றைக் கரையில் விட்டுவிட்டு, வள்ளம் கடலுக்குள் வளைந்து போய் வலையை விட்டபடி மறுகயிற்றோடு கரைக்கு வரும். பிறகு இரண்டு கயிற்றையும் இரண்டு கூட்டமாகப் பிடித்துப் பின்னால் நடந்து நடந்து இழுக்க வேண்டும். மீன் வலையின் நடுவில் பைபோல இருக்கிற மடியில் கிடக்கும். இரண்டு பக்கமும் ஒன்றுபோல வர வேண்டும். ஒரு பக்கம் தளர்ந்தால் மடி புரளும், உள்ளே கிடக்கிறது அத்தனையும் கடலுக்குப் போகும். அதனால் வலை அலைக்குள் வந்துவிட்டால், வீடு பற்றி எரிந்தாலும் கயிற்றை விடுவது கிடையாது. இந்த ஒரு காரியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பிறப்பதற்கு முன்னால் நம் கரையில் இரண்டு குடும்பங்கள் வெட்டிக்கொண்டன. வலை விடுவதற்கு முறை உண்டு. இன்றைக்கு இவன், நாளைக்கு அவன். ஒரு நாள் சாளை மீன் கூட்டமாகக் கரையை ஒட்டி வந்ததைப் பார்த்த ஒருவன், முறை இல்லாத நாளில் வலை விட்டுவிட்டான். அவ்வளவுதான் காரணம். முதலில் துடுப்பால் அடித்துக்கொண்டார்கள். பிறகு வெட்டோத்தி என்கிற வெட்டுக்கத்தி வந்தது. ஒரு வள்ளத்தின் விளிம்பைப் பிடித்து ஏறப் போனவனின் விரல்களை, ஏறவிடாமல் இருக்க, விளிம்போடு சேர்த்து வெட்டினார்கள். ஒருவனைத் தண்ணீருக்குள் அழுத்தி, முதுகில் ஏறி நின்று கொன்றார்கள். அவனைக் கொன்றவனை மறுநாள் சிலுவை நிற்கிற குருசடிக்குப் பின்னால் வைத்துக் கொன்றார்கள். ஓலை வீடுகள் எரிந்தன. ஒரே தெருவில் பிறந்து, ஒரே கோயிலில் ஞானஸ்நானம் வாங்கியவர்கள்தான்.

அந்தச் சண்டை ஓயாத ஒரு காலையில் உங்கள் தாத்தாவும் கொஞ்சம் பேரும் கரமடி இழுத்துக்கொண்டிருந்தார்கள். பாதி ஆள் ஆஸ்பத்திரியில், பாதி ஆள் ஒளிவில். வலை கனத்து வந்தது, இழுக்க ஆள் இல்லை. அந்த நேரம் மண்டை பிளந்த ஒரு இளவட்டம் மணலில் ஓடி வந்தான். பின்னால் வெட்டோத்தியோடு ஒருத்தன். ஓடி வந்தவனுக்குப் போக வேறு இடம் இல்லை. தாத்தாவுக்குப் பின்னால் வந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டான். தாத்தா முதுகெல்லாம் அவன் ரத்தம் ஒழுகியது. துரத்தி வந்தவன், "விலகும் ஓய், அவன் தலைய நான் எடுக்கணும்" என்றான். தாத்தா திரும்பிப் பார்க்கவில்லை. "எடுத்துக்கோ. அவன் விழுந்தா கயிறு போவும். கயிறு போனா இந்தக் கரைக்கு இன்னைக்குக் கஞ்சி இல்ல. ஒனக்க பிள்ளைக்கும் சேத்துத்தான் சொல்லுகேன்" என்றார். அதற்குள் கயிறு எல்லோரையும் கடலுக்கு இழுக்கத் தொடங்கியது. வெட்டோத்திக்காரன் இழுபடுகிற கயிற்றைப் பார்த்தான். பிறகு அதை மணலில் குத்தி வைத்துவிட்டு, தான் வெட்ட வந்தவனுக்குப் பின்னால் நின்று கயிற்றைப் பிடித்தான்.

சபை அப்படி உண்டானது. எழுதி வைத்த சட்டம் எதுவும் இல்லை. வலை கரையேறும்போது கயிற்றில் கை வைத்திருப்பவன் எல்லாம் சகோதரன். சகோதரன் சகோதரனை அடிக்கக் கூடாது. கடலில் காணாமல் போனால் எல்லோரும் தேடப் போக வேண்டும். செத்தால் பெட்டி சுமக்க வேண்டும். சகோதரன் மேல் கை வைத்தவனுக்குக் கயிறு இல்லை. கயிறு இல்லை என்றால் வள்ளத்திலும் ஏற்ற மாட்டார்கள், அவன் வீட்டுச் சாவுக்குத் தோள் கொடுக்க மாட்டார்கள். அவன் திரும்ப வர ஒரே வழிதான். அடி வாங்கியவன் தன் கையால் கயிற்றை எடுத்து அவன் கையில் கொடுக்க வேண்டும். வேறு யாரும் கொடுக்க முடியாது, பங்குச்சாமியாராலும் முடியாது.

அதற்குப் பிறகு நம் கரையில் ஆண்கள் வெட்டிக்கொண்டது இல்லை. பெண்களை அடித்தார்கள். அது கணக்கில் வரவில்லை. பெண் தொட்டால் மடி வெறுமையாக வரும் என்று ஒரு நம்பிக்கை இருந்ததால் பெண்கள் கயிற்றுப் பக்கமே வர மாட்டார்கள். கடவம் என்கிற ஓலைக்கூடையை வைத்துக்கொண்டு ஈர மணலில் காத்திருந்து, மீனை வாங்கித் தலையில் சுமந்து கருங்கல் ஊர்ச் சந்தைக்குப் போவார்கள். உங்கள் அத்தையும் அப்படிப் போனவள்தான்.

அவளைக் கட்டிக்கொண்ட மாமா கயிற்றில் நல்ல ஆள். அதையும் நான் சொல்லத்தான் வேண்டும். தேங்காய்ப்பட்டணம் முகத்துவாரத்தில் வள்ளம் கவிழ்ந்தபோது அலைக்குள் பாய்ந்து ஒருவனைத் தலைமயிரைப் பிடித்துக் கரை சேர்த்தவர். கயிற்றில் எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும், நல்ல பகடி பேசுவார். வீட்டுக்குள் போனால் வேறு ஆள். குழம்பில் உப்புக் கூடினதற்கு அடித்தார். சந்தையிலிருந்து பஸ் கிடைக்காமல் பிந்தி வந்ததற்கு அடித்தார். ஒரு தடவை சுவரோடு சேர்த்து முகத்தை இடித்ததில் முன்பல் போனது. அவள் சிரிக்கும்போது கையால் வாயை மூடுவதைப் பார்த்திருப்பீர்கள். வெட்கம் என்று நினைத்திருப்பீர்கள்.

பல் போன அன்று நான் துடுப்பை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் வைத்தே இரண்டு தோளிலும் போட்டேன். அவர் திருப்பி அடிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்று, "எல்லாரும் பாத்துக்கிடுங்க, சகோதரன் சகோதரன அடிக்கான்" என்று தெருவைக் கூப்பிட்டார். அன்றைக்கே எனக்குக் கயிறு இல்லாமல் ஆனது. சபைத் தலைவர், அன்று மண்டை பிளந்து ஓடி வந்த அதே ஆள்தான், குருசடி முன்னால் வைத்துச் சொன்னார்: "அவன் பெஞ்சாதிய அடிச்சது வீட்டுக் காரியம். நீ அவன அடிச்சது சபைக் காரியம்."

"பல்லு போயிருக்கு பெரியவரே," என்றேன்.

"அவ கயித்தப் பிடிச்சவளாடே?"

அவள் பிடித்ததில்லை. பல நாள் வள்ளம் இல்லாமல் வீட்டில் இருந்தேன். உங்கள் அம்மா நெத்தோலி காயப்போடப் போய்க் கஞ்சி வைத்தாள். கடைசியில் மாமாவே ஒரு காலை என்னைக் கூப்பிட்டு, எல்லோர் முன்னிலையிலும் கயிற்றை என் கையில் கொடுத்தார். "பிடி மச்சினா. ஒனக்கு வீட்டுல இருந்து இருந்து வயிறு வச்சிட்டு," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அன்று மீன் விற்றுத் திரும்பிய உங்கள் அத்தையை, அண்ணனைத் தூண்டிவிட்டாய் என்று சொல்லிச் சவட்டி மிதித்தார். வெட்டுக்குத்தை நிறுத்த உண்டாக்கின சபை, அடிக்கிறவனுக்குக் கோட்டையாக நின்றது. அவள் கூடப்பிறந்தவர்கள் எல்லோரும் கயிற்றுக்காரர்கள். அவரை ஒருத்தரும் தொட முடியாது.

பிறகுதான் கை ஒடிந்தது. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அவர் அவள் வலது கையை வாசல்படியில் வைத்து அழுத்திக்கொண்டு, முழங்கை முட்டுக்கு மேலே மிதித்தார். சத்தம் தனக்கே கேட்டது என்றாள். ஆஸ்பத்திரியில் எலும்புக்குள் கம்பி வைத்துக் கட்டினார்கள். முட்டு இனி முழுசாக நிமிராது என்று டாக்டர் அன்றைக்கே சொல்லிவிட்டார். போலீஸ் வந்து அவளிடம் எழுதி வாங்கிப் போனது. கூப்பிட்டு விசாரித்து, புத்தி சொல்லி அனுப்பியது. அவர் கடற்கரையில் நின்று சொன்னது நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தது: "ஞாயிறு பூசைக்கு முன்ன அவ வீட்டுக்கு வரணும். வரல்லன்னா நான் போய்த் தூக்கிட்டு வருவேன். நடந்து வந்தா நடந்து, இல்லன்னா பெட்டியில."

அவர் சொன்னால் செய்கிற ஆள். எனக்குத் தெரியும், அவளுக்கு என்னைவிடத் தெரியும்.

அத்தை அப்போது நம் வீட்டில், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எண்ணே, கயிறு பிடிச்சவன அடிக்கக் கூடாதுன்னுதானே சட்டம்?" என்றாள்.

"ஆமா."

"ஆம்பள பிடிச்சான்னு இருக்கா?"

யோசித்துப் பார்த்தேன். "கை வச்சவன்னுதான் சொல்லுவாங்க. ஆம்பளன்னு யாரும் சொல்லிக் கேக்கல்ல."

"ஏட்டி, மடி வெறுசா வரும்னு ஒன்ன வெட்டிப் போடுவானுவ," என்றாள் உங்கள் அம்மா.

"அவன் எப்பிடின்னாலும் வெட்டத்தானே போறான் மைனி," என்றாள் அத்தை.

சனிக்கிழமை காலையில் கரமடி. நான் கிழக்குக் கயிற்றில், மாமா மேற்குக் கயிற்றில். வலை அலைக்குள் வந்துவிட்டது. இனி யாரும் விட முடியாது என்கிற நேரம் பார்த்து, கடவங்களுக்கு நடுவில் இருந்து அவள் எழுந்து வந்தாள். வலது கை கழுத்தில் தொங்குகிறது. எனக்கு முன்னால் புகுந்து இடது கையால் கயிற்றைப் பிடித்தாள்.

கத்தினார்கள். "ஏய், விடுட்டி, மடி நாசமாப் போவும்." ஒருவன் காலால் மணலை அள்ளி அவள் முகத்தில் எறிந்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு பிடித்திருந்தாள். யாரும் வந்து தள்ள முடியவில்லை. தள்ள வேண்டும் என்றால் கயிற்றை விட வேண்டும்.

விட்டது மாமாதான். மேற்குக் கயிற்றை விட்டுவிட்டு மணலில் வேகமாக நடந்து வந்தார். வந்த வேகத்தில் அவள் முகத்தில் அறைந்தார். அவள் முழங்காலில் விழுந்தாள், கையை விடவில்லை. விரல்களைப் பிரிக்கப் பார்த்தார். முடியாமல் போகவே குனிந்து கட்டுப் போட்ட கையைப் பிடித்து முறுக்கினார். அவள் போட்ட அலறல் இன்றைக்கும் கரமடிக் கயிறு கையில் வந்தால் என் காதில் விழுகிறது. நான் கயிற்றை விடாமல் அப்படியே அவள் மேல் குனிந்தேன். அடிக்கத்தான் கூடாது, அடி வாங்கக் கூடாது என்று சட்டம் இல்லை. என் முதுகில், பிடரியில், விலாவில் மிதித்தார். என் வாயிலிருந்து ரத்தம் அவள் கழுத்தில் விழுந்தது. எனக்கு முன்னால் நின்றவன் அழுதுகொண்டே இழுத்தான். அவர் கரை சேர்த்த ஆள் அவன்தான்.

மேற்குக் கயிறு தளர்ந்து ஓடத் தொடங்கியது. இழுப்பதில் பெரிய கை மாமாவுடையது. அது இல்லாமல் மற்றவர்களை அலை தண்ணீருக்குள் இழுத்தது. "போச்சு, மடி போச்சு" என்று யாரோ சொன்னார்கள்.

அப்போது கடவங்கள் மணலில் விழுகிற சத்தம் கேட்டது. மீன்காரிகள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். பாதிப் பேர் மேற்குக் கயிற்றுக்கு ஓடினார்கள், பாதிப் பேர் நம் பக்கம் வந்தார்கள். நல்ல உடல்கட்டு உள்ள ஒருத்தி மாமாவைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டுக் கயிற்றைப் பிடித்தாள். "தள்ளி நில்லும் ஓய். சந்தையில ஒங்க மீன எங்க தலையில சுமக்க, கயிறு மட்டும் ஒங்க அப்பன் சொத்தா," என்றாள். இன்னொருத்தி, "பைய இழுங்க, இவனுவளுக்கு இழுக்கத் தெரியாது" என்றாள். அந்த நேரத்திலும் யாரோ சிரித்தார்கள். மாமா இடுப்பிலிருந்து வலை அறுக்கிற பிச்சாத்தியை எடுத்துவிட்டார். கயிற்றை அறுக்கவா, ஆளைக் குத்தவா என்று தெரியாமல் அந்தக் கத்தியோடு நின்றார். இரண்டு பக்கமும் பெண்கள் முதுகு. எதைக் குத்துவது.

மடி கரையேறியது. நிறைய மீன் இல்லை. வெறுமையாகவும் இல்லை. எப்போதும் வருகிற அளவுதான் வந்தது.

உடனே வழக்குத் தொடங்கியது. "பெண்ணு பிடிச்சது கணக்கில்ல" என்றான் ஒருவன். "கணக்கில்லன்னா இந்த மீனும் கணக்கில்ல, கொண்டு கடல்ல போடு" என்றாள் தோளால் இடித்தவள். தலைவர் கிழக்குக் கயிற்றின் வால்பக்கம் பார்த்தார். அங்கே அவர் மனைவி கயிற்றைப் பிடித்தபடி நின்றாள்.

"நீயுமா?" என்றார்.

"ஆமா. அவளுக்க கை ஒடிஞ்ச சத்தம் ஒமக்குக் கேக்கல்ல. எனக்கு அடுத்த வீடு, எனக்குக் கேட்டுது."

தலைவர் மணலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "அன்னைக்கு நான் ஓடி வந்து பிடிச்சப்ப நீ ஆருலேன்னு ஒருத்தனும் கேக்கல்ல. கேட்டிருந்தா நான் இல்ல" என்றார். மாமாவைப் பார்த்து, "நீ சகோதரன அடிச்சிட்ட. ரெண்டு பேர அடிச்சிட்ட. ஒனக்குக் கயிறு இல்ல" என்றார்.

மாமா போகவில்லை. அன்று மதியம் அதே பிச்சாத்தியோடு நம் வீட்டுக்கு வந்தார். சந்தில் சபை நின்றது, ஆணும் பெண்ணும். முதலில் நின்றவன், அவர் கரை சேர்த்த அதே ஆள், கையை நீட்டித் தடுத்தான். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கீறிவிட்டார். அவன், "இன்னும் வெட்டு மச்சான், நான் போவமாட்டேன்" என்றான். மாமா கத்தியைக் கீழே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். இந்தத் தடவை போலீஸ் வந்து அழைத்துக்கொண்டு போனபோது சபை முழுக்கப் போய் வாக்குமூலம் கொடுத்தது. கொஞ்ச காலம் ஜெயிலில் இருந்தார்.

அதோடு எல்லாம் நேராகிவிட்டது என்று எழுத மாட்டேன். பெண்டாட்டி கயிறு பிடித்தால் நான் பிடிக்க மாட்டேன் என்று சில பேர் சபையை விட்டுப் போனார்கள். மீன் படாத வாரங்களில் பழி பெண்கள் மேல் விழுந்தது, இன்னும் விழுகிறது. ஒரு வீட்டில் கயிறு பிடிக்கப் போகாமல் இருக்க மனைவியைப் பூட்டி வைத்தான் ஒருவன். பெண்கள் போய்க் கதவை உடைத்தார்கள். ஆனால் சபை ஒன்றுதான். பெண்களுக்குத் தனிச் சபை வைத்துக் கொடுக்கலாம் என்று பங்குச்சாமியார் சொன்னபோது அத்தைதான் எழுந்து, "தனியா வச்சா அடிக்கிறவன் வெளிய நிப்பான் சாமி. அவனும் உள்ள நிக்கணும்" என்றாள். இதைவிட நன்றாகச் சபை எதற்கு என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

மாமா ஜெயிலிலிருந்து வந்தபோது எந்த வள்ளமும் ஏற்றவில்லை. கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் வெட்டப் போனார், கடல்காரனுக்கு மலை ஒத்துக்கொள்ளவில்லை. திரும்பி வந்து, தனியாக இருக்கிறார். அப்போதெல்லாம் குடிப்பார், அதை விட்டுப் பல வருடம் ஆகிறது. ஒரு நாள் என்னிடம் வந்து, "மச்சினா, நான் செத்தா பெட்டி தூக்க ஆளு வேணும். அவகிட்ட ஒரு வார்த்த சொல்லு" என்றார். என் விலா இப்போதும் மழைக்காலத்தில் வலிக்கும். என் பங்குக்கு நான் அவரை மன்னித்தாகிவிட்டது. அதை அவரிடம் சொன்னேன். ஆனால் அடி வாங்கியவர்கள் இரண்டு பேர். அவளும் கொடுக்க வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தீர்கள். ஆள் குறைவு, வலை கனம். கிழக்குப் பக்கம் நாங்கள் தண்ணீருக்குள் இழுபட்டுக்கொண்டிருந்தோம். மாமா வள்ள நிழலிலிருந்து எழுந்து, அலை காலில் படுகிற இடம் வரை வந்தார். இரண்டு கையையும் கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார். கயிற்றில் இருந்த எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். "ஏட்டி, மக்கா," என்று மட்டும் சொன்னேன்.

அவள் இழுப்பதை நிறுத்தவில்லை. வளைந்தே இருக்கிற அந்த வலது கையைக் கயிற்றிலிருந்து எடுத்து, அவர் பார்க்கும்படி நீட்டினாள். பாதிதான் நீண்டது.

"குடுக்க மாட்டேன்னு நான் சொல்லல்ல," என்றாள். "இது நிமிர்ந்து அங்க எட்டட்டு. எட்டின அன்னைக்கு நானே குடுக்கேன்."

கையைத் திரும்பக் கயிற்றில் வைத்தாள். அவர் நீட்டிய கைகளை இறக்கிவிட்டு வள்ளத்துக்குத் திரும்பினார். வலையை நாங்கள் இருந்த ஆளை வைத்து இழுத்துக் கரையேற்றினோம்.

மக்களே, அவரைப் பார்த்தால் மாமா என்று கூப்பிடுங்கள். சாப்பிட்டீரா என்று கேளுங்கள். பகடி பண்ண வேண்டாம். ஆனால் இரக்கப்பட்டுக் கயிற்றை மட்டும் அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். அது கொடுக்க நமக்கு உரிமை இல்லாதது.